நழுவியது எலும்பு, நடுங்கியது இல்லம்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு ஞாயிறு மாலை. நம் தமக்கையார் இல்லத்தில் சிறியதொரு மாநாடு கூடியிருந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் தமக்கையாரின் முதுகெலும்பு.

கூடத்துக் குழல்விளக்குக்கு எதிரே எக்ஸ்-ரே படத்தை உயர்த்திப் பிடித்தபடி அத்தான் நின்றுகொண்டிருந்தார். "உடனே ஆபரேஷன் செய்துவிடுவதுதான் நல்லது. பணம் நான் அனுப்புகிறேன்" என்று குவைத்திலிருந்து கைப்பேசியில் முழங்கினான் மூத்த மகன். "முதுகில் கத்தி வைத்தால் அப்புறம் படுத்த படுக்கைதான். கீழத்தெருப் பெரியவரைப் பார்க்கவில்லையா?" என்று கண்கலங்கினாள் மகள். எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டும் வைத்தியர் ஒருவரின் முகவரி அத்தானின் சட்டைப்பையில் தயாராக இருந்தது. நாமோ மகளின் கட்சி. "அறுபத்தொரு வயதில் எதற்கு இந்த வம்பு? தைலம் தேய்த்துக்கொண்டு பேசாமல் இருக்கலாமே" என்று நம் பங்குக்கு ஒரு தீர்ப்பும் வழங்கினோம்.

இத்தனை பேச்சுக்கும் நடுவே தமக்கையார் அடுக்களையில் இருந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்றபடியே பாடம் சொன்னவர், பால் பொங்கும் வரை நிற்க இயலாமல், முக்காலி ஒன்றில் அமர்ந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்து நாம் நாணியது அதற்காகத்தான்.

இதே மாநாடு எத்தனையோ இல்லங்களில் நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே அக்குடும்பம் ஏறக்குறைய ஓராண்டில் கற்றுக்கொண்டதை இத்திங்கள் வாசகர்முன் வைக்க விழைகின்றோம்.

நழுவியது எது?

முதுகுவலி என்றவுடன் "ஜவ்வு விலகிவிட்டது" என்று சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். ஜவ்வு என்று நாம் சொல்வது, இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்த வட்டினை. அது பிதுங்கி நரம்பை நெருக்குவது ஒரு நோய். முள்ளெலும்பே தனக்குக் கீழுள்ள எலும்பின்மீது முன்னோக்கி நகர்ந்து நிற்பது வேறொரு நோய். மருத்துவர் சீட்டில் 'ஸ்பாண்டிலோலிஸ்தெஸிஸ்' என்று நாக்கு சுளுக்கும் பெயரில் எழுதப்படுவது இந்த இரண்டாவது நோயே. முள்ளெலும்பு, நழுவுதல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, 1854-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கிலியான் இப்பெயரைச் சூட்டினார். அதற்கும் முன்னர், 1782-இல், பெல்ஜிய நாட்டு மகப்பேறு மருத்துவர் ஹெர்பினியோ, இடுப்புக்கூட்டுக்குள் எலும்பு துருத்தி நின்று பிரசவத்தைத் தடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். ஆகவே இது நேற்றுப் பிறந்த நோயன்று.

கீழ்முதுகில் முள்ளெலும்புகள் ஐந்து. நழுவல் பெரும்பாலும் நான்காவது எலும்பிலோ ஐந்தாவது எலும்பிலோ நிகழ்கிறது. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்திலும், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் மெல்லிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. வளரும் பருவத்தில் அப்பாலத்தில் விரிசல் விழுந்து, அதனால் எலும்பு முன்னே நகர்வது ஒரு வகை. இது ஐந்தாவது எலும்பில் மிகுதி. பாலம் பழுதுபடாமலே, வயது ஏற ஏற வட்டு தேய்ந்து, மூட்டுகள் தளர்ந்து, எலும்பு சிறிது சிறிதாக முன்னே சரிவது மற்றொரு வகை. இது ஐம்பது வயதைக் கடந்தோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நான்காவது எலும்பில் வருவது. நம் தமக்கையாருக்கு வந்தது இதுவே.

நழுவிய அளவைக் குறிக்க, அமெரிக்க மருத்துவர் மேயர்டிங் 1932-இல் வகுத்த நான்கு படிகள் இன்றும் வழக்கில் உள்ளன. கீழெலும்பின் மேற்பரப்பில் கால்பங்குக்குள் நகர்ந்திருந்தால் முதற்படி, அரைப்பங்குக்குள் இரண்டாம் படி, முக்காலுக்குள் மூன்றாம் படி, அதனினும் மிகுந்தால் நான்காம் படி. வயது முதிர்வால் வருபவை பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடும். தமக்கையாரின் அறிக்கையிலும் 'முதற்படி' என்றே இருந்தது. ஆனால் நம் வீட்டில் எவரும் அச்சொல்லைப் பொருட்படுத்தவில்லை. 'நழுவல்' என்ற சொல்லே எங்கள் அனைவர் வயிற்றிலும் புளியைக் கரைத்துவிட்டது.

படம் வேறு, நோய் வேறு

"எலும்பு நழுவிவிட்டதே, நாளை முழுவதும் கழன்று விழுந்துவிட்டால்?" என்பதே மகனின் அச்சம். இந்த அச்சத்துக்கு விடை கூறும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 500 பிள்ளைகளைப் பள்ளியின் முதல் வகுப்பிலிருந்தே கவனித்து வந்த மருத்துவர்கள் 1984-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மேலே சொன்ன எலும்புப் பாலத்து விரிசல், ஆறு வயதில் நூற்றுக்கு 4.4 பிள்ளைகளிடமும், வளர்ந்தபின் நூற்றுக்கு 6 பேரிடமும் காணப்பட்டது. விரிசல் உடையோரை விடாமல் கவனித்த 45 ஆண்டுக் கால முடிவு 2003-இல் வெளியாயிற்று. நழுவல் ஏற்பட்டவர்களுக்கும் ஆண்டுகள் செல்லச் செல்ல நழுவும் வேகம் குறைந்ததே அன்றிக் கூடவில்லை. எவருக்கும் நழுவல் பாதியளவை எட்டவில்லை. அவர்களுடைய உடல்நலம், அதே வயதுடைய பிற மக்களின் உடல்நலத்தினின்று பெரிதும் வேறுபடவும் இல்லை.

இதனால் அறியத்தக்கது யாதெனில், எலும்பு நழுவியும் வலியறியாது வாழ்வோர் பலர் நம்மிடையே நடமாடுகின்றனர் என்பதே. வேறு எதற்கோ எடுத்த படத்தில் நழுவல் தெரிந்தது என்பதற்காக மட்டும் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

இளைஞர்களின் பெற்றோருக்கும் ஒரு சொல். அந்த எலும்புப் பாலத்தில் விரிசல் விழுவது வேகப்பந்து வீச்சாளர்களிடையே மிகுதி. ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி 1973-ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தின்போது கீழ்முதுகு எலும்பில் விரிசல் கண்டு ஆட்டத்தை விட்டு விலகினார். அவருக்கு எலும்பு நழுவவில்லை, விரிசல் மட்டுமே. நீண்ட ஓய்வும் கடும் உடற்பயிற்சியும் மேற்கொண்டு, 1974-75 பருவத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மீண்டும் களமிறங்கினார். உங்கள் பிள்ளை மட்டைப்பந்து ஆடிவிட்டு வந்து முதுகு வலிக்கிறது என்று வாரக்கணக்கில் சொல்வானாயின், "சோம்பேறித்தனம்" என்று தள்ளிவிடாதீர்கள். "வாழ்வே போயிற்று" என்று கலங்கவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் காலம் வரை ஆட்டத்தை நிறுத்தி வைப்பதே போதுமானதாக இருக்கக்கூடும்.

கால் சொன்ன செய்தி

அப்படியானால் தமக்கையாரின் துன்பம் எதனால்? எலும்பு முன்னே சரியும்போது, நரம்புகள் இறங்கிவரும் குழல் குறுகிவிடுகிறது. நிமிர்ந்து நின்றால் அது மேலும் குறுகும். அமர்ந்தாலோ முன்னே குனிந்தாலோ சற்று விரியும். ஆகவே இந்நோயாளர்கள் நடக்க நடக்கப் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை குடைச்சலும் மதமதப்பும் ஏறும். உட்கார்ந்தவுடன் இறங்கும். கடைத்தெருவில் இரண்டு கடைக்கு ஒருமுறை திண்ணை தேடி அமரும் பெரியவர்களைக் கண்டிருப்பீர்கள். அவர்களுள் சிலரது நோய் இதுவாக இருக்கலாம்.

காலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும். ஆனால் அவ்வலி சும்மா நின்றாலே தணியும், அமர வேண்டியதில்லை. நீரிழிவினாலும் பாதம் மரத்துப்போகும். எனவே இவ்விரண்டையும் மருத்துவர் ஆராய்ந்து விலக்கிய பின்னரே பழியை முதுகெலும்பின்மீது சுமத்த வேண்டும். தவறான இடத்தில் செய்யும் அறுவை எவ்வளவு திறமாகச் செய்யப்பட்டாலும் பயன் தராது.

தமக்கையார் பழைய ஆசிரியை அல்லவா? நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாள்தோறும் ஒரு வரி எழுதி வந்தார். வீட்டு வாயிலிலிருந்து எத்தனை மின்கம்பம் வரை உட்காராமல் நடக்க முடிந்தது என்பதே அந்த வரி. மாநாடு கூடிய அன்று அந்நோட்டில் இருந்த எண் நான்கு. அப்படியொரு நோட்டு இருப்பதே அன்று எங்களுக்குத் தெரியாது.

கத்தியில்லாத வழி

முதலிற் கண்ட மருத்துவர் படத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில், "நான்கு ஸ்க்ரூ வைத்துப் பூட்டிவிட வேண்டும்" என்று நாள் குறிக்க முற்பட்டார். தமக்கையார் யோசிக்க அவகாசம் கேட்டு வந்துவிட்டார். இரண்டாவதாகக் கண்ட மருத்துவர் காலைத் தூக்கச் சொல்லியும், விரல் நுனியிலும் குதிகாலிலும் நடக்கச் சொல்லியும், தசையின் வலுவைச் சோதித்தும் அரைமணி நேரம் செலவிட்டார். "காலில் பலம் குறையவில்லை. சிறுநீர், மலம் சிக்கலில்லை. எனவே அவசரம் இல்லை. மூன்று மாதம் முறையாக முயல்வோம். அப்புறம் மறுபடி பேசுவோம்" என்றார். பெரும்பாலோருக்கு முதற்கண் பொருந்துவது இவ்வழியே. இவ்வழியில் ஒவ்வொன்றும் எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

ஓய்வு: வலி கடுமையாக உள்ள ஓரிரு நாள் போதும். வாரக்கணக்கில் படுத்தால் தசை தளர்ந்து வலி வளரும்.

பெல்ட்: நெடும்பயணத்திலும் வலி மிகுந்த நாள்களிலும் துணை. நழுவிய எலும்பை அது உள்ளே தள்ளாது. நாள் முழுவதும் கட்டிக்கொண்டால் சொந்தத் தசை சோம்பிவிடும்.

மாத்திரை: வலியைக் குறைத்து நடக்கவும் பயிற்சி செய்யவும் வகை செய்யும். ஆனால் வலி மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கித் திங்கள்கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோர் மிகுந்த எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

பயிற்சி: இதுவே இவ்வழியின் உயிர்நாடி. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, வயிற்றுத் தசையை இறுக்கி முதுகைத் தரையோடு அழுத்துதல், முழங்காலை மார்போடு அணைத்தல் போன்றவற்றைப் பிசியோதெரபி நிபுணரிடம் நேரிற் கற்று நாள்தோறும் செய்தல் வேண்டும். பின்னோக்கி வளையும் ஆசனங்கள் தமக்கையார் போன்றோருக்கு வலியை மிகுவிக்கக்கூடும். நிற்கும் மிதிவண்டியை மிதிப்பது பலருக்கு நடப்பதினும் எளிது, ஏனெனில் உடல் சற்றே முன்குனிந்திருக்கும்.

ஊசி: முதுகுத்தண்டில் நரம்பைச் சூழ்ந்த இடத்தில் ஸ்டீராய்டு மருந்து செலுத்துவர். கால்வலி சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில திங்களுக்குத் தணியும். நோயைத் தீர்க்கும் மருந்தன்று, மூச்சுவிட நேரம் தருவது. நீரிழிவு உடையோருக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே அறிந்து கவனிக்க வேண்டும்.

அத்தானின் சட்டைப்பையில் இருந்த முகவரியையும் பேசிவிடுவோம். "இழுத்துவிட்டு எலும்பை ஏற்றிவிடுகிறேன்" என்பாரிடம் முதுகை ஒப்படைக்காதீர்கள். இந்த எலும்பு கைவிசையால் பழைய இடத்துக்குப் போய் நிற்பதன்று. முறுக்கி இழுப்பதால் நெருக்கமான குழலில் நரம்பு மேலும் நசுங்க இடமுண்டு. சூட்டு ஒத்தடமும் இதமான தைலமும் தசைக்குச் சுகம் தருமாயின் தடையில்லை. அவை எலும்பைத் தொடுவதில்லை என்ற தெளிவு இருந்தால் போதும்.

தமக்கையார் நோட்டில் எண் ஏறிற்று. இரண்டாம் திங்களில் ஒன்பது கம்பங்கள்! வீடே மகிழ்ந்தது. "நாம் அன்றே சொன்னோம்" என்று நாமும் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஐந்தாம் திங்களில் அது ஆறாகி, பின் மூன்றாயிற்று. ஊசி போட்டபின் பதினொன்றாக உயர்ந்து, ஆறு வாரங்களில் மீண்டும் மூன்றில் வந்து நின்றது.

கத்தி வழி

அறுவையிலும் இருவகை உண்டு. நரம்புக் குழலை நெருக்கும் எலும்பையும் தடித்த தசைநாரையும் அகற்றி, நரம்புக்கு இடம் விடுவது ஒன்று. அவ்வாறு இடம் விட்டபின், ஸ்க்ரூவும் கம்பியும் பொருத்தி இரு எலும்புகளையும் ஒன்றாக ஒட்டவைப்பது மற்றொன்று. இரண்டாவது பெரிய அறுவை. நேரமும் செலவும் இரத்த இழப்பும் கூடுதல்.

அறுவை செய்வதா, வேண்டாமா என்பதுபற்றி அமெரிக்காவில் 607 நோயாளிகளைக் கொண்டு நடந்த பேராய்வு 2007-இல் வெளியாயிற்று. வயது முதிர்வால் எலும்பு நழுவி, நரம்புக்குழல் குறுகி, பன்னிரண்டு வாரங்களேனும் துன்புற்றவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். சீட்டுப்போட்டது போல் பிரிக்கப்பட்டவர்களில் மிகப் பலர் தம் வழியை இடையில் மாற்றிக்கொண்டதால் முடிவு சொல்வது எளிதாக இல்லை. எனினும் உண்மையில் அறுவை செய்துகொண்டோர், செய்துகொள்ளாதோரைவிட இரண்டு ஆண்டுகளில் வலியிலும் நடமாட்டத்திலும் தெளிவாக முன்னேறியிருந்தனர். செய்துகொள்ளாதோரும் முடங்கிவிடவில்லை. அவர்களிலும் பலர் ஓரளவு தேறினர்.

ஸ்க்ரூ வேண்டுமா என்ற வினாவுக்கு 2016-இல் இரு விடைகள் ஒரே நேரத்தில் வந்தன. சுவீடன் நாட்டில் 247 பேரிடம் நடந்த ஆய்வில், ஒட்டவைப்பதால் கூடுதல் நன்மை காணப்படவில்லை. அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், ஒட்டவைத்தோர் சற்றே மேம்பட்டிருந்தனர். 2021-இல் நார்வே நாட்டில் 267 பேரிடம் நடந்த ஆய்வில், இரு சாராரிலும் பத்தில் ஏழு பேர் அளவில் நல்ல முன்னேற்றம் கண்டனர். ஒட்டாமல் விட்டது தாழ்ந்துவிடவில்லை. எனவே இத்தகைய சிறு நழுவலில் எல்லோருக்கும் ஸ்க்ரூ என்பது சரியன்று. குனியும்போதும் நிமிரும்போதும் எலும்பு வெகுவாக அசைந்தாலோ, நழுவல் மிகுதியாக இருந்தாலோ, பாலம் முறிந்த வகையாக இருந்தாலோ ஒட்டவைப்பது தேவைப்படக்கூடும். இதனை அறியக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்-ரே படங்கள் உதவும்.

அறுவையில் இடர்களும் உண்டு. கிருமித் தொற்று, நரம்பைச் சூழ்ந்த உறை கிழிதல், காலில் இரத்தம் உறைதல், சிலருக்குப் பின்னாளில் மறு அறுவை ஆகியவை அவற்றுள் சில. புகை பிடிப்போருக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும். இன்னொன்றும் நினைவிற் கொள்க. அறுவை சிறப்பாகத் தீர்ப்பது கால்வலியையே. முதுகுவலி முழுதும் போய்விடும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

காத்திருக்கக் கூடாத வேளை

எடைபோடுவதற்கு இடமே இல்லாத வேளையும் உண்டு. சிறுநீர் வெளியேறாமல் தேங்கினாலோ, அறியாமல் கசிந்தாலோ, மலத்தை அடக்க முடியாமற் போனாலோ, உட்காரும் இடமும் தொடையின் உட்புறமும் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ, கால் நாளுக்கு நாள் வலுவிழந்தாலோ, "காலையில் பார்ப்போம்" என்று இராமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மணிக்கணக்கில் தாமதிப்பதும் நிரந்தர இழப்பைத் தரக்கூடும். முதுகுவலியுடன் காய்ச்சலோ, காரணமற்ற எடை இழப்போ, முன்பு புற்றுநோய் கண்ட வரலாறோ இருந்தாலும் உடனே சொல்லியாக வேண்டும். கூச்சத்தால் நம் தாய்மார்கள் இவற்றை மறைத்துவிடுகின்றனர். இல்லத்தார் கேட்டறிதல் கடமை.

யார் கையில் தராசு?

ஊசியின் பலனும் தீர்ந்த பின், தை மாதத்தில் மாநாடு மீண்டும் கூடிற்று. மகன் அதே கட்சி, மகள் அதே கட்சி, நாமும் அதே கட்சி. பேச்சு முற்றிக்கொண்டிருந்தபோது தமக்கையார் உள்ளிருந்து வந்து, அந்த நாற்பது பக்க நோட்டை மேசைமீது வைத்தார்.

"தம்பி, நீங்கள் எல்லோரும் படத்தைப் பார்த்துப் பேசினீர்கள். என்னை ஒருவராவது கேட்டீர்களா? மூன்று கம்பம்தான் என் உலகம். பால்காரர் வீடு நான்காவது கம்பத்தில் இருக்கிறது" என்றார்.

கூடம் அமைதியாயிற்று. நாம் அறுவை வேண்டாம் என்றது அவர் வலியை நினைத்தன்று, நம் அச்சத்தை நினைத்தே. மகன் வேண்டும் என்றதும் அவ்வாறே. தொலைவில் இருக்கும் குற்ற உணர்வைப் பணத்தால் ஆற்ற முயன்றான். வலி ஒருவருடையதாக இருக்க, தராசை மற்றவர் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் அவரே கேள்விகளை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் சென்றார். நாம் துணைக்கு மட்டும் உடன் சென்றோம். அவர் கேட்டவை பிறர்க்கும் பயன்படும் என்பதால் தருகின்றோம்:

என் வலியில் கால்வலி எவ்வளவு, முதுகுவலி எவ்வளவு? எதைத் தீர்க்க இந்த அறுவை?

ஸ்கேனில் நெருக்குண்ட நரம்பும் என் காலில் வலிக்கும் இடமும் ஒத்துப்போகின்றனவா?

இடம் விடுவது மட்டுமா, ஸ்க்ரூவும் உண்டா? ஏன்?

இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் நான் இழப்பது என்ன?

என் வயதுக்கும் சர்க்கரைக்கும் ஏற்ப இடர் எவ்வளவு? எத்தனை நாளில் என் வேலையை நானே செய்வேன்?

செலவு எவ்வளவு? அரசு மருத்துவமனையில் இயலுமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்குமா?

மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை கூறினார். குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த படங்களில் எலும்பு அசையவில்லை. துன்பத்தில் பெரும்பங்கு காலில்தான். எனவே நரம்புக்கு இடம் விட்டால் போதும் என்றும், பின்னாளில் மறு அறுவை தேவைப்படச் சிறு வாய்ப்புண்டு என்றும் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். இவ்வாறு விளக்கம் தர மறுக்கும் மருத்துவரிடம் அவசரப்பட்டு ஒப்புதல் தர வேண்டியதில்லை. மற்றொருவரின் கருத்தைக் கேட்பது முதலாமவருக்கு இழைக்கும் அவமதிப்பும் அன்று.

தமக்கையார் தாமே முடிவு செய்து, தம் கையால் ஒப்பமிட்டார். மறுநாளே எழுந்து நடந்தார், நான்காம் நாள் வீடு திரும்பினார். மூன்று திங்களுக்குப் பின் நோட்டில் எழுதிய எண் இருபத்து நான்கு. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். மாலையில் முதுகு கனக்கிறது. இடது பெருவிரலின் மதமதப்பு இன்னும் போகவில்லை. பயிற்சியை ஒருநாள் விட்டாலும் உடல் நினைவூட்டிவிடுகிறது. ஆயினும் பால் பொங்கும் வரை அவர் நிற்கிறார்.

அதே காலத்தில், நம் நண்பர் ஒருவரின் மனைவி, நாற்பத்தெட்டு வயதினர், அதே முதற்படி நழுவலுடன் பயிற்சியை மட்டும் மேற்கொண்டு நலமாக இருக்கிறார். அவருக்கு முதுகு வலித்தது, ஆனால் கால் வலிக்கவில்லை. தையற்பொறியில் அமரும் முறையை மாற்றினார், ஏழு கிலோ எடை குறைத்தார், இடுப்பில் குடம் சுமப்பதை விட்டார். அவருக்கு அறுவை தேவைப்படவே இல்லை. இருவர் படத்தையும் அருகருகே வைத்தால் வேற்றுமை காண்பது அரிது. இருவர் முடிவும் வேறு, இரண்டும் சரியே.

எனவே, இல்லத்தோரே, அடுத்த முறை உங்கள் கூடத்தில் ஒரு படம் விளக்குக்கு எதிரே உயர்த்திப் பிடிக்கப்படுமானால், அதைச் சற்றே இறக்கி வையுங்கள். அடுக்களையில் அமர்ந்திருப்பவரை அழைத்து நடுவில் உட்கார வையுங்கள். "எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? எதைச் செய்ய முடியவில்லை? உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். மருத்துவரிடம் செல்வது அதற்குப் பின்னரே ஆகட்டும்.